மூன்று சீட்டில் ஒரு கீரி: தற்செயலாக வந்த சொல்லிலிருந்து விலங்குப் பாத்திரம் உருவாவது எப்படி?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில், ஞாயிறு காலை ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைவது என் வழக்கம். எல்லாம் அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகள்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், விளையாடும்போது கன்னடம் என்று மூன்றும் கலந்து பேசுவார்கள். போன மழைக்காலத்தில் ஒருநாள் ஒரு பையன் அப்பாவின் செல்போனை எடுத்துவந்து காட்டினான். பொத்தானைத் தட்டினால் ஒரு விலங்கு, ஒரு தொழில், ஒரு குணம் என்று மூன்று சொல் வந்து விழும். அவனுக்கு வந்தவை: ஒட்டகச்சிவிங்கி, தீயணைப்பு வீரர், தூங்குமூஞ்சி. “அக்கா, இது சொல்றத வரைஞ்சா போதும், புது கேரக்டர் ரெடி” என்றான்.

அவன் சொன்னதைப் பெரியவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சீட்டுக் குலுக்கினால் சொந்தப் பாத்திரம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். கற்பனை வறண்டவர்கள்தான் சீட்டுக் குலுக்குவார்கள் என்று ஒதுக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். குழந்தைகள் பத்திரிகைகளுக்கும் பாடப் புத்தகங்களுக்கும் பதினைந்து வருடமாக விலங்குகள் வரைந்து வருகிறவள் நான். இரண்டு பேச்சும் தவறு என்றே எனக்குப் படுகிறது. தற்செயலாக வந்த சொல் தலைக்குள் என்ன வேலை செய்கிறது, அதற்கப்புறம் கை என்ன செய்ய வேண்டும் என்பதை, இப்போதுதான் பென்சில் பிடிக்கிறவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

## ‘பிராம்ப்ட்’ என்றால் எது?

இந்தச் சொல்லுக்கு இப்போது இரண்டு பொருள் ஓடுகிறது. குழப்பத்தில் பாதி அதனால் வருவதுதான். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் “குடை பிடித்த கீரியை வரை” என்று தட்டச்சு செய்கிறோமே, அது ஒரு பிராம்ப்ட். அங்கே சொல் இயந்திரத்துக்குப் போகிறது, படத்தை இயந்திரம் தருகிறது. படம் வரைகிறவர்கள் சொல்லும் பிராம்ப்ட் வேறு. நாடகத்தில் வசனம் மறந்து நிற்பவருக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். மீதி வசனத்தை நடிகர்தான் பேசியாக வேண்டும். இங்கே நான் பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

அதைத் தூண்டுசொல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, வரைகிறவர் தானாகத் தேர்ந்தெடுக்காமல் வெளியிலிருந்து பெற்று, அதற்குக் கட்டுப்பட்டு வரையத் தொடங்கும் சொல்.

விலங்குப் பாத்திரம் என்றால் ஒரு விலங்கின் உடம்பும் ஒரு ஆளின் வாழ்க்கையும் ஒன்றாக இருப்பது. இந்திய ரயில்வேயின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2002இல் பெங்களூரில் அறிமுகமான போலு யானையை நினைத்துக்கொள்ளுங்கள். யானை உடம்பு, கார்டு உடுப்பு, கையில் பச்சை விளக்கு. அந்த விளக்கைப் பார்த்ததுமே இந்த யானைக்கு ஒரு வேலை இருக்கிறது, அது போகச் சொன்னால்தான் ரயில் போகும் என்று தெரிந்துவிடுகிறது. உயிரியல் புத்தகத்தில் இருக்கும் யானைப் படத்துக்கு அப்படி ஒரு வாழ்க்கை கிடையாது.

## செருப்பில் தொடங்கி விளக்குமாற்றில் முடி

தூண்டுசொல் நமக்குப் புதிய விளையாட்டே இல்லை. ஒருவர் ஈற்றடி கொடுக்க, மற்றவர் அதற்கேற்ப வெண்பாவைப் பாடி முடிப்பது பழைய தமிழ் வழக்கம். காளமேகப் புலவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும். ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடியும்படி முருகன் மேல் ஒரு பாட்டுக் கேட்டார்களாம். சாமி பாட்டில் செருப்பையும் துடைப்பத்தையும் எங்கே வைப்பது?

பாட்டு ‘செருப்புக்கு’ என்று தொடங்குகிறது. செரு என்றால் போர். புக்கு என்றால் புகுந்து. போர்க்களத்தில் புகுந்து வீரரைக் கலக்குகிற வேலன் முதல் அடியிலேயே வந்துவிட்டான். கடைசியில் ‘வண்டே விளக்குமாறே’ என்று முடிகிறது. தாமரை மேல் இருக்கும் வண்டைக் கூப்பிட்டு, அவனைச் சேரும் வழியை விளக்கச் சொல்கிறது பாட்டு. கேட்ட இரண்டு சொல்லும் கேட்ட இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஆனால் பாட்டுக்குள் காலில் போடுவதும் இல்லை, வாசல் பெருக்குவதும் இல்லை.

வெறுமனே முருகன் பாட்டு என்று கேட்டிருந்தால் மயில், வேல், ஆறுமுகம் என்று எல்லோரும் போகும் வழியில் போய்வந்திருக்கலாம். செருப்பு அந்த வழியில் குறுக்கே வந்து விழுந்தது. அதனால்தான் சொல்லைக் கையில் எடுத்து, உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிவந்தது. புள்ளிக் கோலத்திலும் இதே கதைதான். ஏழு புள்ளி என்று ஒரு கணக்கு இருப்பதால்தான் கை புதிய வளைவைத் தேடுகிறது. வெறும் தரையைக் கொடுத்து “எதையாவது போடு” என்றால் பலர் தாமரைப்பூ போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இதுவரை சொன்னது இதுதான்: தூண்டுசொல் பாத்திரத்தைத் தருவதில்லை, ஒரு சிக்கலைத் தருகிறது. அந்தச் சிக்கலை அவிழ்க்கப்போகும்போது பாத்திரம் வருகிறது.

## போன தடத்திலேயே போகும் மனம்

ஒரு விலங்கின் பெயர் சொல்லுங்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சிங்கம், புலி, யானை, நாய், பூனை, முயல். உடும்பையும் மரநாயையும் கூகையையும் அறிந்தவர்கள்கூட அவற்றைச் சொல்ல மாட்டார்கள். சரி, அந்தச் சிங்கத்துக்கு ஒரு வாழ்க்கை கொடுங்கள் என்றால் அது ராஜா. நரி தந்திரக்காரன். ஆந்தை, கண்ணாடி போட்ட வாத்தியார். மண் சாலையில் வண்டி போய்ப் போய்ப் பள்ளமான தடம் போல இவை மனதில் பதிந்து கிடக்கின்றன. சக்கரத்தை அந்தப் பக்கம் விட்டாலே உள்ளே இறங்கிவிடும். இதைத் தடப்பழக்கம் என்று சொல்லிக்கொள்வோம்: யோசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே முன்பு கண்டதைத் திரும்ப எடுத்து வைப்பது.

இது சோம்பேறித்தனத்தால் வருவது கிடையாது. தாமஸ் வார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேறொரு கோளில் வாழும் விலங்கைக் கற்பனை செய்து வரையும்படி கல்லூரி மாணவர்களிடம் சொன்னார். என்ன வேண்டுமானாலும் வரையலாம். வந்த படங்களில் பெரும்பாலானவற்றில் இடமும் வலமும் ஒத்த உடம்பு, கண்கள், கால்கள் என்று நம் பூமி விலங்குகளின் அமைப்பே இருந்தது. முழுச் சுதந்திரம் கொடுத்தால் மனம் பறக்கும் என்று நினைக்கிறோம். அது பெரும்பாலும் தெரிந்த கிளையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பிள்ளைகளிடம் “உன் இஷ்டம் போல வரை” என்று சொல்வதை நான் விட்டுவிட்டதற்குக் காரணம் இதுதான். அப்படிச் சொன்ன வாரங்களில் எல்லோருடைய நோட்டிலும் அந்த மாதம் டிவியில் ஓடியதுதான் இருக்கும்.

## சீட்டு உண்மையில் செய்யும் வேலை

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் சமவாய்ப்பு என்று படித்திருப்போம். டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் வெளியே வர ஒரே அளவு வாய்ப்பு இருப்பதுதான் அது. உங்களுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று டப்பா பார்க்காது. நம் மனதுக்கு அது முடியாது. ஒன்று முதல் பத்துக்குள் ஏதாவது ஒரு எண் என்றால் நிறையப் பேர் 7 என்பார்கள். அதனால் “நானே மனதில் தற்செயலாக நினைத்துக்கொள்கிறேன்” என்பது நடக்காது. கையை டப்பாவுக்குள் விட்டுத்தான் ஆக வேண்டும்.

நாங்கள் வைத்திருப்பது மூன்று பிஸ்கட் டப்பா. ஒன்றில் 20 விலங்கு, ஒன்றில் 20 தொழில், ஒன்றில் 20 குணம். பெருக்கிப் பாருங்கள்: 20 × 20 × 20 என்றால் 8,000 சேர்க்கை. நாளுக்கு ஒன்று வரைந்தாலும் தீர்க்க ஏறக்குறைய 22 வருடம் ஆகும். இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் பலர் மயங்கிப்போகிறார்கள். அவை 8,000 பாத்திரங்கள் கிடையாது. 8,000 சிக்கல்கள். ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும்.

இங்கே ஒரு விதியில் நான் கறாராக இருப்பேன். வந்த சீட்டைத் திரும்பப் போடக் கூடாது. “அக்கா, இது நல்லா இல்ல, இன்னொண்ணு எடுத்துக்கறேன்” என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். நான்காவது தடவை எடுத்தால் கட்டாயம் பிடித்தது வரும். ஏன் பிடித்தது? ஏற்கெனவே மனதில் இருந்த படத்தோடு அது ஒத்துப்போகிறது, அதனால். பிடித்தது வரும்வரை குலுக்குவது சுற்றி வளைத்து நாமே தேர்ந்தெடுப்பதுதான். விட்டு வந்த தடத்துக்கே திரும்பிவிட்டோம்.

செல்போன் ஆப்பும் டப்பாவும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். கணினி ஒரு தொடக்க எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டு, அடுத்து என்ன வரும் என்று நாம் ஊகிக்க முடியாதபடி ஒரு வரிசையைத் தருகிறது. நமக்கு அது போதும். ஆனால் ஆப்பில் இருக்கும் பட்டியலை வேறு யாரோ எழுதியிருக்கிறார். அதில் பெங்குவின் இருக்கும், கங்காரு இருக்கும். ஓணான் இருக்காது. பூக்கட்டுகிறவரும் பஸ் கண்டக்டரும் இருக்க மாட்டார்கள். உங்கள் தெருவில் நீங்கள் கண்ட விலங்குகளையும் வேலைகளையும் உங்கள் கையால் சீட்டில் எழுதுங்கள். சொந்தத்தன்மையில் ஒரு பெரிய பங்கு அந்த இடத்திலேயே வந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

சுருக்கமாக: மனம் பழைய தடத்தில் போகும். சமவாய்ப்பு அந்தத் தடத்தை மறிக்கும். மறித்த பிறகு வேறு வழியைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

## ஒட்டவைப்பதும் ஒன்றாக்குவதும்

அந்தப் பையனின் படத்துக்கு வருவோம். ஒட்டகச்சிவிங்கி தலையில் சிவப்பு ஹெல்மெட், பாதி மூடிய கண். ஹெல்மெட்டைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினேன். மீதி இருந்தது உயிரியல் பூங்கா ஒட்டகச்சிவிங்கி. தொழிலைத் தொப்பியாக மாட்டியிருந்தான், குணத்தை இமையாக ஒட்டியிருந்தான். இதைத்தான் ஒட்டவைப்பது என்கிறேன்.

கொஞ்சம் யோசித்து, “கழுத்தையே ஏணி ஆக்கிடலாமா அக்கா?” என்றான். நல்ல முன்னேற்றம். ஆனால் அந்த இரண்டு சொல்லைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், அதனால் அங்கேயே நிற்க வேண்டாம் என்றேன். ஒட்டகச்சிவிங்கி எப்படித் தூங்கும் என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். பாலூட்டிகளில் மிகக் குறைவாகத் தூங்குபவற்றில் அது ஒன்று. பெரும்பாலும் நின்றபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கும். நன்றாகத் தூங்கும்போது கீழே படுத்து, கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலையைத் தன் பின்பக்கத்தின் மேல் வைத்துக்கொள்ளும். அந்தப் படத்தைப் பார்த்தவன், “சுருட்டி வெச்ச பைப் மாதிரி இருக்கு!” என்று கத்தினான். தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அப்படித் தூங்குகிறது அவனுடைய ஒட்டகச்சிவிங்கி. மணி அடித்ததும் மடமடவென்று கழுத்து அவிழ்கிறது.

மூன்று சொல்லும் சந்திக்கும் இந்த இடத்துக்குப் பொருத்துப்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறோம். விலங்கின் உடம்பில் உண்மையாகவே இருக்கும் ஒன்று, பாத்திரத்தின் வாழ்க்கையிலும் உண்மையாகவே இருக்கும் இடம் அது.

நம் சிற்பிகள் இதில் கைதேர்ந்தவர்கள். ஊருக்குப் போகும் வழியில் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளியைப் பாருங்கள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை என்று வாயால் சொன்னால் அது வெறும் சேர்க்கை. கல்லில் பார்த்தால் எங்கே சிங்கம் முடிந்து எங்கே யானை தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இங்கே கர்நாடக அரசு முத்திரையில் நடுவே கண்டபேருண்டம் என்ற இரட்டைத்தலைப் பறவையும், இருபக்கமும் யானைத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட விலங்குகளும் நிற்கின்றன. அலுவலகக் காகிதத்தில் தினமும் பார்ப்பதால் நாம் கவனிப்பதே இல்லை. ஒருநாள் உட்கார்ந்து அதைப் பென்சிலால் பார்த்து வரைந்தால், கழுத்து இரண்டாகப் பிரியும் இடத்தை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று புரியும்.

## அந்தக் கீரி

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பத்து வயதுப் பெண் ஒருத்தி வரைந்தது. அவள் அதிகம் பேச மாட்டாள். விலங்கு டப்பாவிலிருந்து அவள் எடுத்த சீட்டில் ‘முங்குசி’ என்று எழுதியிருந்தது. கன்னடத்தில் கீரிக்கு அதுதான் பெயர். தொழில்: குடை ரிப்பேர் செய்பவர். குணம்: இடி என்றால் பயம்.

முதல் படத்தில் ஒரு கீரி குடை பிடித்துக்கொண்டு அழுதது. இரண்டாவதில் நடைபாதையில் சாக்கு விரித்து உட்கார்ந்தது, முன்னால் குடைக்கம்பி, ஊசி, நூல். அது பரவாயில்லை, ஆனால் கீரியை எடுத்துவிட்டு அங்கே எலியை உட்காரவைத்தாலும் படம் மாறாது. அவளுக்கே அது தெரிந்திருக்க வேண்டும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

“நீ கீரி பார்த்திருக்கியா?” என்று கேட்டேன்.

“எங்க வீட்டுக்குப் பின்னாடி காலி மனைல வரும்க்கா. ஒருநாள் பூனை எதிர்ல வந்துடுச்சு. அப்ப முடியெல்லாம் சிலிர்த்துக்கிட்டு ரெண்டு மடங்கா ஆயிடுச்சு.”

அவள் சொன்னது சரி. பயமோ சண்டையோ வந்தால் கீரி முடியைச் சிலிர்த்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும். சொல்லி முடித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். மழை வரும்போல் இருந்ததால் நான் கொண்டுவந்திருந்த குடை பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து விரித்தாள். மடக்கினாள். திரும்ப விரித்தாள். கம்பிகள் ஒவ்வொன்றாக விறைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நோட்டை எடுத்தவள் ஒரு மணி நேரம் யாரிடமும் பேசவில்லை.

அன்றைக்கு அவள் வரைந்தது பதினொரு பக்கம். கீரியின் முடி ஒவ்வொன்றிலும் வெளிர்நிறமும் கருநிறமும் மாறி மாறி இருக்கும், அதனால்தான் தூரத்திலிருந்து சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறது. அந்த முடிகளை அவள் குடைக்கம்பி போல விறைப்பாக இழுத்தாள். இடி இடித்ததும் கீரியின் முதுகு குடையாக விரிகிறது. உடம்பளவுக்கு நீண்ட வால், மடக்கின குடை மாதிரி பக்கத்தில் ஒட்டிக்கிடக்கிறது. வானம் அமைதியானதும் முதுகு மெல்ல மடங்குகிறது. ‘கம்பி மாமா’ என்று பெயரும் வைத்துவிட்டாள்.

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். இடிக்கு இவ்வளவு பயப்படுகிறவர் ஏன் மழைநாளில் நடக்கும் தொழிலைப் போய் எடுத்துக்கொண்டார்?

“இடி வர்ற அன்னிக்குத் தனியா இருக்கப் பயம்க்கா. குடை ரிப்பேர்னா அன்னிக்குத்தான் நிறைய பேர் வருவாங்க.”

அந்தப் பதிலுக்கு அப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று டப்பாவில் எந்தச் சீட்டிலும் அது எழுதியிருக்கவில்லை. பயம் என்று ஒரு சீட்டில் இருந்தது, குடை என்று ஒன்றில் இருந்தது. தனிமையை அவள் கொண்டுவந்தாள். உடம்பில் ஒரு பொருத்துப்புள்ளி கிடைத்த பிறகு, வாழ்க்கையைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். விரியும் முடி அவள் வரைந்ததைக் கீரி ஆக்கியது. தனியாக இருக்கப் பயம் என்ற அந்தப் பதில் அதைக் கம்பி மாமா ஆக்கியது.

## உடம்பைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

அவள் காலி மனைக் கீரியைக் கவனித்திருக்காவிட்டால் இது நடந்திருக்காது. ஆகவே வரையத் தொடங்குகிறவர்கள் விலங்குகளின் உடம்பை அடிப்படையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவேன். எல்லாம் வேண்டாம், இரண்டு விஷயம் போதும்.

ஒன்று, கால். கப்பன் பூங்காவில் நிற்கும் ஒரு நாயின் பின்னங்காலைப் பாருங்கள். நடுவில் பின்பக்கமாக மடங்கும் மூட்டு இருக்கிறது. நாய்க்கு முழங்கால் திரும்பியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழங்காலே கிடையாது, குதிகால். முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போல முன்பக்கம் நோக்கித்தான் இருக்கிறது. நாயும் பூனையும் விரல்களை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கியே நடக்கின்றன. கரடியும் குரங்கும் நாமும் உள்ளங்கால் முழுவதும் பதித்து நடக்கிறோம். ஆடும் மாடும் குதிரையும் விரல் நுனியில் இருக்கும் குளம்பின் மேல் நிற்கின்றன. உங்கள் பாத்திரம் பதுங்கி நடக்கிறவரா, தொம்தொம் என்று நடக்கிறவரா, டக்டக் என்று நடக்கிறவரா என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

இன்னொன்று, கண். வேட்டையாடும் பூனைக்கும் ஆந்தைக்கும் இரண்டு கண்ணும் முன்னால் பார்க்கின்றன, தூரத்தை அளக்க அது உதவுகிறது. வேட்டைக்குப் பயப்படும் முயலுக்கும் ஆட்டுக்கும் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன, சுற்றிலும் பார்க்க. கருவிழி நடுவே இருக்கும் கறுப்புத் துளையும் ஒரே மாதிரி இருக்காது. பூனைக்கு வெளிச்சத்தில் அது செங்குத்தான கோடு. ஆட்டுக்குப் படுக்கைக் கோடு. கீரிக்கும் படுக்கைவாட்டில்தான். ஆட்டுக்கு முன்னால் பார்க்கும் வட்டக் கண் வைத்தால் அது ஆட்டு முகமூடி போட்ட மனிதர் ஆகிவிடும். சில சமயம் அதுதான் வேண்டும் என்றால் தெரிந்தே செய்யுங்கள்.

தலையும் கண்ணும் பெரிதாக, கன்னம் உருண்டையாக இருந்தால் நமக்குக் குழந்தை நினைவு வந்து மனம் இளகும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943லேயே எழுதினார். அந்த உத்தி பலிக்கும். எல்லாப் பாத்திரத்துக்கும் அதையே செய்தால் எல்லாம் ஒரே குட்டியாகிவிடும்.

## நிழலில் தெரிகிறதா?

முடித்த படத்தை நிழலுரு ஆக்கிப் பாருங்கள். அதாவது வெளிக்கோட்டுக்குள் முழுவதும் கறுப்பு பூசிவிடுவது. கண், உடுப்பு, நிறம் எல்லாம் போய்விடும். அப்போதும் யார் என்று தெரிந்தால் உருவம் நிற்கிறது. கம்பி மாமாவைக் கறுப்பு பூசிச் சுவரில் ஒட்டினோம். முதுகு விரிந்த அந்தக் கறுப்பு உருவத்தை, அந்த வாரம் வராத பிள்ளைகள்கூட “கீரியா, குடையா?” என்று கேட்டார்கள்.

## யாருக்குச் சொந்தம்?

எல்லோரும் கேட்கும் கேள்வி என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘குடை ரிப்பேர் செய்யும் கீரி’ என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமாகாது. வேறொருவருக்கு அதே சீட்டு வரலாம், அவர் வரையலாம். நீங்கள் காகிதத்தில் வரைந்த உருவம் உங்களுடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 காப்பது வெளிப்பாட்டைத்தான். வரைந்த அந்தக் கணமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை. அந்த உரிமை வரைந்தவரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 60 ஆண்டுக்கும் இருக்கும். ஏற்கெனவே புகழ்பெற்ற பாத்திரத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

## நீங்கள் தொடங்கும்போது

மூன்று டப்பா, பழைய காலண்டர் தாள், ஒரு பென்சில். சீட்டில் எழுதும்போது நேரில் பார்த்த விலங்கையே எழுதுங்கள். எடுத்ததும் உடனே வரையாதீர்கள், முதலில் தோன்றுவதை ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்துவிட்டு அதை விட்டுவிடுங்கள். அது தடம். பிறகு அந்த விலங்கு எப்படித் தூங்கும், எப்படிப் பயப்படும், எதைப் பிடித்துக்கொள்ளும் என்று தேடிப் படியுங்கள். பொருத்துப்புள்ளி வர ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

இன்று காலை எனக்கு வந்த சீட்டுகள் இவை: தேவாங்கு, இட்லி மாவு அரைத்து விற்பவர், கடன் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். “தேவாங்கு மாதிரி முழிக்கிறான்” என்று திட்டுவோமே, அதே தேவாங்குதான். இந்த ஊரில் இந்திய அறிவியல் கழக வளாகத்து மரங்களில் இன்னும் வாழ்கிறது. இரவில்தான் விழித்திருக்கும், மாவு அரைக்கவும் இரவுதான் தோது. இந்தப் பொருத்தம் சட்டென்று வந்துவிட்டது, ஆகவே ஓரத்தில் எழுதி வைத்துவிட்டேன். எனக்கு இடிப்பது மூன்றாவது சீட்டு. தேவாங்கின் கை கிளையைப் பிடித்தால் வெகுநேரம் விடாது, அவ்வளவு இறுகிய பிடி. அந்தக் கை கேட்டவருக்கெல்லாம் எப்படிக் காசை விட்டுக்கொடுக்கும்? இரண்டு பக்கம் நிறைய வெறும் கைகளாக வரைந்து வைத்திருக்கிறேன், குழவியைப் பிடித்த கை, கிளையைப் பிடித்த கை, சில்லறையை எண்ணும் கை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணிடம் காட்டிக் கேட்க வேண்டும்.